டெய்ரிமான்ட்டுக்கு ஜனம் வந்த கதை

டெய்ரிமான்ட் ஒரு நகரமாகப் பிறந்த அன்று அங்கே மனிதர்களைவிட மாடுகள் பல மடங்கு அதிகம். பெயர் வைத்தவள் டச்சுப் பண்ணைக்காரன் வீபெ ஹூக்ஸ்த்ராவின் மனைவி. மான்ட் என்றால் மலையாம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாணக் குவியலைத் தவிர வேறு மேடே கிடையாதே என்று எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை. மதியக் கறவைக்கு நேரமாகிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அது 1956. போர் முடிந்து திரும்பியவர்களுக்கெல்லாம் வீடு வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே ஆரஞ்சுத் தோப்புகளையும் பீன்ஸ் வயல்களையும் தள்ளிவிட்டு, ஒரே அச்சில் வார்த்ததுபோல வீடுகள் தெருத்தெருவாக எழும்பின. சுற்றிலும் இருந்த நகரங்கள் வருஷத்துக்கு ஒரு துண்டாக நிலத்தைத் தங்களோடு சேர்த்துக்கொண்டன. சேர்த்த கையோடு, இங்கே மாடு வைத்திருக்கக் கூடாது என்று சட்டமும் போட்டன. அதுவரை தேவாலயம் வேறு, கடை வேறு என்று ஒதுங்கியிருந்த டச்சுக்காரப் பால்பண்ணைக்காரர்களும் போர்ச்சுகீசியப் பால்பண்ணைக்காரர்களும் முதல்முறையாக ஒரே கூரையின் கீழ் கூடினார்கள். கூடிய இடம் போர்ச்சுகீசியர்களின் திருவிழாக் கூடம். பெந்தெகொஸ்தே விருந்துக்கு மாட்டிறைச்சி சூப் காய்ச்சும் அண்டாக்கள் அங்கேதான் இருந்தன.

சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள் இதலீனா அவெலார். பன்னிரண்டு வயதில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து கப்பலில் வந்தவள். பண்ணைக்காரர் ஜெர்மானோவைக் கட்டிக்கொள்ளும் முன் துறைமுகத்து மீன் ஆலையில் கணக்கு எழுதியவள் என்பதால் இங்கிலீஷ் தெளிவாக வரும். பண்ணைக்காரர்கள் வரவழைத்திருந்த வக்கீல் இங்கிலீஷில் பேசப்பேச அவள் கரண்டியும் கையுமாக மொழிபெயர்த்தாள்.

"நாமளே ஒரு நகரம்னு பதிஞ்சுக்கிட்டா வேற எந்த நகரமும் நம்மள முழுங்க முடியாதாம். நம்ம எல்லைக்குள்ள வீடு கட்டலாமா கூடாதான்னு நாமதான் சட்டம் போடுவோமாம்."

அங்கே ஏற்பட்ட ஆரவாரத்தில் அண்டா மூடி அதிர்ந்தது. நகரசபைக்கு ஐந்து பேர் வேண்டும் என்றார் வக்கீல். வீபெயோடு சேர்த்து நாலு பேர் கிடைத்தார்கள். ஐந்தாவதுக்கு ஆளில்லை. எல்லாருக்கும் இரண்டு வேளைக் கறவை இருந்தது.

சத்தம் போட்டுப் பேசுவதே வழக்கமான வீபெ ஹூக்ஸ்த்ரா எழுந்தான். "ஏன் தேடிக்கிட்டு? உன் பொண்டாட்டியப் போடு ஜெர்மானோ. கறவையும் இல்ல, பேச்சுலயும் கெட்டிக்காரி."

"வீட்ல பேசறது போதாதுங்கிறியா?" என்றான் ஜெர்மானோ.

இதலீனா கரண்டியை உயர்த்தினாள். "நான் சூப்பு ஊத்தணுமா, ஊர ஆளணுமா? ஒண்ணச் சொல்லுங்க."

"ரெண்டும்தான்!" என்று கூடம் முழுக்கக் கத்தியது. விளையாட்டாகத்தான் கத்தினார்கள். தேர்தலில் எல்லாரையும்விட அதிக ஓட்டு அவளுக்கு விழுந்தது.

தீவனக் கடையின் பின்னறைதான் நகரசபை. காலைக் கறவைக்கும் மதியக் கறவைக்கும் நடுவே, பகல் பத்து மணிக்குக் கூட்டம். ஐந்து ஏக்கருக்குக் குறைந்த மனையில் வீடு கட்டக் கூடாது என்பதுதான் அவர்கள் போட்ட முதல் சட்டம். வீடு கட்டும் கம்பெனிக்காரர்கள் பளபளக்கும் கார்களில் வருவார்கள். சாணம் ஒட்டிய பூட்ஸோடு உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரையும் பார்ப்பார்கள். சுருட்டி வைத்த வரைபடங்களை விரிக்காமலே திரும்பிப் போவார்கள். அன்றைக்கெல்லாம் வீபெக்குத் திருவிழாதான்.

இதலீனாவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அவளுக்குள் ஒரு விஷயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போகிற கார்களை அவள் கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவள் பிறந்த ஊரில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். இங்கே அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க வண்டி எடுத்துப் போக வேண்டும். போனாலும் அவள் ஈயை விரட்டிக்கொண்டே, கன்றுக்குட்டியின் வயிற்றுப்போக்கைப் பற்றித்தான் பேசுவாள். ஜெர்மானோ நல்லவன், ஆனால் பேச்சு குறைவு. பிள்ளைகள் இல்லை. கொட்டிலில் மாடுகளிடம் அவன் கொஞ்சிப் பேசுவது சமையலறைவரை கேட்கும். சில நாள் அவள் ஜன்னலை மூடிவிடுவாள்.

பத்து வருஷம் முடிவதற்குள் வெளியே எல்லாம் மாறிப்போயிற்று. நாலு பக்கமும் வீடுகள் நெருங்கிவிட்டன. வரி போடுகிறவர்கள் மாட்டைப் பார்க்கவில்லை, பக்கத்து ஊர் வீடுகளைப் பார்த்துத்தான் நிலத்துக்கு மதிப்புப் போட்டார்கள். கிழக்கே சீனோ பக்கம் நிலம் மலிவு என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு நாள் நகரசபைக் கூட்டத்தில், வீட்டுமனைக்கு அனுமதி கொடுக்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவன் வீபெ ஹூக்ஸ்த்ரா.

"இங்க வீடு வந்தா என் பொணத்து மேலதான்னு சொன்னது யாரு வீபெ?" என்றாள் இதலீனா.

"நான்தான் சொன்னேன். அப்ப எனக்கு முழங்கால் வலிக்கல."

இரண்டு பேர் கை தூக்கினார்கள். இரண்டு பேர் தூக்கவில்லை. எல்லாரும் இதலீனாவைப் பார்த்தார்கள். பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜெர்மானோ உட்கார்ந்திருந்தான். நிலத்தை விற்பதில்லை என்பதில் உறுதியாக இருந்த சிலரில் அவனும் ஒருவன். தன் மனைவி எந்தப் பக்கம் என்று அவன் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியதில்லை.

இதலீனா கையைத் தூக்கினாள்.

வீட்டு வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஜெர்மானோ கேட்டான்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்ப. நீ வேண்டாம்னா எனக்குக் கை எழும்பாது. அதான் சொல்லல."

"மாடு என்ன பாவம் பண்ணுச்சு உனக்கு?"

"மாடு ஒண்ணும் பண்ணல. உனக்குப் பேச மாடு இருக்கு ஜெர்மானோ. எனக்கு யாரு இருக்கா? காலைல எழுந்தா சாயங்காலம்வரைக்கும் இந்த வீட்ல என் சத்தத்த நானே கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். கடைக்குப் போனா கல்லாக்காரன்கிட்ட வேணும்னே ஒண்ணுக்கு ரெண்டு தடவ விலை கேக்கறேன், தெரியுமா? எனக்கு ஜனம் வேணும். நடந்து போற தூரத்துல நாலு பொம்பளைங்க வேணும்."

அவன் அதைக் கேட்டுக்கொண்டான். இறங்கிக் கறவைக்குப் போய்விட்டான். அடுத்த சில நாட்கள் உப்பு போதுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது, தானாக வாயைத் திறந்தான்.

"கோவம் போகல. ஆனா கை தூக்கறப்ப உன் கை நடுங்குச்சு. நான் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். இதலீனாவுக்கு அது போதுமாக இருந்தது. அன்று அவனுக்குப் பிடித்த அரிசிப் பாயசத்தைப் பட்டைப்பொடி தூவிச் செய்து வைத்தாள். அவனும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

வீடுகள் வந்தன. வீபெ நிலத்தில் பாதியை விற்றான், மீதியில் மாடு கட்டிக்கொண்டு நகரசபையிலும் உட்கார்ந்திருந்தான். அவன் சோளம் போட்டிருந்த இடத்தில் வளைந்து வளைந்து தெருக்கள் போயின. ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் பாய்போலச் சுருட்டிக் கொண்டுவந்த புல்தரையை விரித்தார்கள். விமானத் தொழிற்சாலை ஆட்கள், கடற்படை ஆட்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று ஒவ்வொரு குடும்பமாகச் சாமான் லாரியோடு வந்து இறங்கியது. அந்த வருஷம் சுழற்சி முறையில் மேயர் பதவி இதலீனாவுக்கு வந்திருந்தது. புதிதாக வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் இனிப்பு ரொட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போவாள். வாங்கிக்கொள்வார்கள், நன்றி சொல்வார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். வேலைக்குப் போய்க் களைத்து வந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஜனம் வந்துவிட்டது. பேச்சுதான் இன்னும் வரவில்லை.

பெர்லிதா தும்லாவோ வந்தது அப்போதுதான். பிலிப்பைன்ஸ்காரி, பிரசவ வார்டு நர்ஸ். கணவன் கடற்படைக் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பாதி நாள் கடலில். ஒரு நாள் பத்து மணிக் கூட்டத்துக்கு வெள்ளைச் சீருடையோடு, தூக்கம் சொக்கும் கண்களோடு வந்து நின்றாள்.

"மேடம், எங்க தெருவுல பகல்ல ஒருத்தரும் வீட்ல இல்ல. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் ராத்திரி ஷிப்ட் முடிச்சு, தூங்காம வந்திருக்கேன். ஊருக்கூட்டத்த ஊர் வர முடியாத நேரத்துல வச்சா, அது யாருக்காக நடக்குது?"

"மாட்டுக்காக," என்றான் வீபெ.

அறை சிரித்தது. பெர்லிதா சிரிக்கவில்லை. இதலீனாவும் சிரிக்கவில்லை.

"மாடு ஓட்டுப் போடறதில்ல வீபெ," என்றாள். பிறகு பெர்லிதாவைப் பார்த்து, "சாயங்காலம் வச்சா வருவாங்களா உங்க தெருக்காரங்க?" என்று கேட்டாள்.

"வருவாங்க. ஈயப் பத்திப் பேசவே பாதிப் பேர் வருவாங்க."

"ஏழு மணிக்கு நாங்க படுத்துருவோம்மா!" என்று வீபெ கத்தினான். "விடியறதுக்கு முன்னாடி எழுந்து கறக்கணும்!"

கடைசியில் சாயங்காலம் என்றே முடிவாயிற்று. வீபெ எதிர்த்து ஓட்டுப் போட்டான். முதல் மாலைக் கூட்டத்தில், சாக்கடை வரி பற்றிய விவாதத்தின் நடுவே, தலையைத் தொங்கப் போட்டு அவன் விட்ட குறட்டை ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. புதுக் குடித்தனக்காரர்கள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். ஆனால் சிரித்து முடித்ததும் ஈ, நாற்றம், இரைச்சல் என்று வரிசையாக மனு கொடுத்தார்கள். அதில் கடுமையாகப் பேசியவர் லிண்ட்க்விஸ்ட் என்று ஒருவர். விமானத் தொழிற்சாலையில் பொறியாளர். அவர் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம்தான் ஜெர்மானோவின் மாட்டுப் பட்டி.

"மேயரே மாடு வச்சிருந்தா நாங்க யார்கிட்ட போய்ப் புகார் சொல்றது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று பின்னோக்கி வந்து பட்டியின் வேலியைச் சாய்த்துவிட்டது. ஓட்டுநர் அதைக் கவனிக்கவில்லை. மாடுகள் கவனித்தன. பட்டியிலேயே பிறந்து, தொட்டியில் போட்ட வைக்கோலைத் தவிர வேறு தின்றறியாத மாடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தெருவில் இறங்கின. விரித்துப் போட்டிருந்த புல்தரை முதல்முறையாக அவற்றின் கண்ணில் பட்டது. முதலில் வந்தது மூக்கை வைத்துப் பார்த்தது, பயந்து பின்வாங்கியது, மறுபடி மூக்கை வைத்தது. பிறகு தெரு முழுக்க ஒரே கரகரவென்று சத்தம்.

இதலீனா செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினாள். போகிற வழியெல்லாம் நாளைய செய்தித்தாள்தான் கண்முன் நின்றது. மேயரின் மாடுகள் ஊரை மேய்ந்தன என்று கொட்டை எழுத்தில். ஆனால் தெருமுனைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. இரவு உடையோடு பெண்கள் வாசலில் நின்று ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெர்லிதா துடைப்பத்தை நீட்டி, போக்குவரத்து போலீஸ்போல மாடுகளைப் பெரிய சாலைக்குப் போகாமல் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"மேயரம்மா! உங்க உறவுக்காரங்க வந்திருக்காங்க!" என்றாள்.

ஜெர்மானோ வந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்ததும் கிழட்டு மாடுகள் திரும்பின, மற்றவை பின்னால் போயின. ஒன்று மட்டும் நகரவில்லை. லிண்ட்க்விஸ்ட் வீட்டுப் புல்தரையில் படுத்திருந்தது. தலைச்சன் ஈத்துக் கிடேரி. வால் தூக்கியிருந்தது.

"என்ன செய்யுது அது?" என்றார் வாசலில் நின்ற லிண்ட்க்விஸ்ட்.

"கன்னு போடுது," என்றான் ஜெர்மானோ. கிட்டப் போய்ப் பார்த்தவன் முகம் மாறிற்று. கன்றின் ஒரு கால்தான் வெளியே வந்திருந்தது. இன்னொன்று உள்ளே மடங்கியிருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை விட்டுப் பார்த்தான். சின்னக் கிடேரி. அவன் கை போகவில்லை.

"டாக்டரக் கூப்பிடலாமா?" என்றாள் இதலீனா.

"அதுவரைக்கும் தாங்காது."

பெர்லிதா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "சார், உங்க வீட்ல சோப்பு இருக்கா? வெந்நீரும் கொண்டாங்க," என்று லிண்ட்க்விஸ்டிடம் சொன்னாள். அவர் மறுபேச்சு பேசாமல் உள்ளே ஓடினார்.

"மாட்டுக்குப் பாத்திருக்கியா பொண்ணு?" என்றான் ஜெர்மானோ.

"இல்ல. நீங்க சொல்லுங்க, நான் கைய வைக்கறேன். என் கை சின்னது."

அவன் மண்டியிட்டு, மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொல்லச் சொல்ல, அவள் தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். முட்டி எங்கே, குளம்பு எங்கே என்று ஜெர்மானோ பேசிக்கொண்டே போனான். கட்டிய நாளிலிருந்து அவன் இவ்வளவு நேரம் ஒரு மனுஷியிடம் பேசி இதலீனா பார்த்ததில்லை. "குளம்ப உள்ளங்கைக்குள்ள மூடிக்க. கர்ப்பப்பையக் கிழிச்சிடாம. இப்ப வளை. மெதுவா, மெதுவா..."

"வந்துடுச்சு!" என்றாள் பெர்லிதா.

இரண்டு காலையும் பிடித்து இருவரும் இழுத்தார்கள். லிண்ட்க்விஸ்டும் வந்து பிடித்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கன்று வழுக்கிக்கொண்டு புல்லில் விழுந்தது, மூச்சு விடவில்லை. பெர்லிதா அதன் மூக்கைத் துண்டால் துடைத்து, தலையைத் தொங்கவிட்டு, முதுகில் நாலு அறை அறைந்தாள். கன்று தும்மியது. தெரு முழுக்கக் கை தட்டியது.

லிண்ட்க்விஸ்ட் தன் கையையும் தன் புல்தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "போன வாரம்தான் விரிச்சேன்," என்றார்.

"ரெண்டு வாரத்துல பாருங்க," என்றான் ஜெர்மானோ. "இந்தத் தெருவுலயே உங்க புல்லுதான் பச்சையா நிக்கும்."

அவர் சிரித்துவிட்டார். இதலீனாவும் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறுவதை முந்தானை இல்லாத ஊரில் எதைக் கொண்டு மறைப்பது என்று தெரியாமல், கன்றைத் துடைத்த துண்டாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று முழுக்க அந்த வாசலில் கூட்டம் கலையவில்லை. யாரோ காப்பி கொண்டுவந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரு வருஷமாக இருந்த இரண்டு பெண்கள் அன்றுதான் பெயர் கேட்டுக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து ஜெர்மானோவே பேச்சை எடுத்தான். "சீனோவுல மச்சானோட கூட்டுச் சேந்து மந்தைய அங்க கொண்டு போயிடறேன். யாரும் தொரத்தல. இங்க மாட்டுக்கு இடம் பத்தல, அவ்ளோதான். நான் தினம் போயிட்டு வந்துருவேன்."

"அப்ப இந்த நிலம்?"

"வித்துடலாம். உனக்கு எந்தத் தெருவுல வீடு வேணும்னு நீ பாத்து வை."

அவள் பார்த்து வைக்க வேண்டியிருக்கவில்லை. பெர்லிதாவுக்கு அடுத்த வீடு காலியாகத்தான் இருந்தது.

அடுத்த நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் மாடு கறந்தே அறியாதவர்கள். பெர்லிதாவும் நின்றாள். நிற்கச் சொல்லி நச்சரித்ததே இதலீனாதான். பெர்லிதா ஜெயித்தாள், இதலீனா தோற்றாள். முடிவு தெரிந்ததும் பெர்லிதா அழுதுகொண்டே வந்தாள்.

"அக்கா, உங்க இடத்த நான் எடுத்துக்கிட்டேனே!"

"பைத்தியம், அது என் இடமா?" என்றாள் இதலீனா. "சூப்பு ஊத்திக்கிட்டிருந்தவளப் புடிச்சு உக்கார வச்சாங்க. கூட்டத்துல வீபெ தூங்கினா ஒலிபெருக்கிய அணைச்சிடு. அது ஒண்ணுதான் நான் உனக்குச் சொல்லித்தரணும்."

பதவியேற்பு முடிந்து பெர்லிதா வீட்டில் விருந்து. கப்பலிலிருந்து வந்திருந்த அவள் கணவன் எல்லாருக்கும் சேமியாவைக் காய்கறியோடு வதக்கிக் குவித்து வைத்திருந்தான். வீபெ மூன்றாம் தடவை தட்டை நீட்டினான். ஜெர்மானோவும் லிண்ட்க்விஸ்டும் ஒரு மூலையில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ரோஜாவுக்குப் பழைய சாணமா புதுச் சாணமா என்பது விவகாரம். புதுசு போட்டால் வேர் கருகிவிடும் என்றான் ஜெர்மானோ. அவர் ஏதோ புத்தகத்தில் படித்ததைச் சொன்னார்.

"புத்தகத்துலயே போட்டு வளத்துக்குங்க அப்ப. சனிக்கிழமை சீனோலேருந்து ஒரு லாரி கொண்டு வரேன். ஒரு வருஷம் ஆறினது. யாருக்கு வேணும்?"

சேமியா தட்டோடு நின்றவர்களில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். மீதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இதலீனா பெர்லிதாவின் சமையலறையில் நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அக்கம்பக்கத்திலிருந்து இரவல் வாங்கிய தட்டுகளை, யார் வீட்டுத் தட்டு எது என்று கேட்டுக் கேட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.